கத்திரி வெயிலில் ஹீட்டர்!

"ஹீட்டரா? நம்ம மெட்ராஸ்லயா? ஸார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆவடியில் ஆரம்பித்து அம்பத்தூர், பாடி, புதுப்பேட்டை என்று நான் ஏறி இறங்கிய அத்தனை கடைகளிலும் இதே கேள்விதான். வார்த்தைகள் கொஞ்சம் மாறின. பார்வை மட்டும் மாறவில்லை. ஐஸ்க்ரீம் பார்லரில் உட்கார்ந்து கொண்டு சுடச்சுட ரசம் கேட்டவனைப் பார்க்கிற பார்வை!

நான் திருமுல்லைவாயல்வாசி. பக்கத்தில் அம்பத்தூர், அந்தப் பக்கம் ஆவடி. எங்கள் பேட்டையில் வருஷத்துக்கு மூன்று சீஸன்: வெயில், கடும் வெயில், முழங்கால் தண்ணீர். இப்படிப்பட்ட ஊரில் என் 1998 மாடல் காருக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது என்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது. டாஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் ஒரு லீவர் இருக்கும். நீலப் பக்கமாகத் தள்ளி வைத்ததோடு சரி. வீட்டில் பூஜை ரூம் பரணில் வைத்த பித்தளை அண்டாவை மறக்கிற மாதிரி மறந்து விட்டேன்.

(கார் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் ஓடிய வண்டி. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு யார் மேல் என்பது பின்னால் வருகிறது.)

முதலில் ஏ.ஸி. மக்கர் செய்தது. காற்று வரும். ஆனால் குளிராது. ஒரு கடையில் "கேஸ் கம்மி ஸார்" என்றார்கள். அடித்தேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு கடை. "கேஸ்தான் ஸார்." அடித்தேன். மூன்றாவது கடையிலும் அடித்தேன். காருக்குப் போட்ட கேஸில் வீட்டில் ஒரு வருஷம் சமைத்திருக்கலாம் என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். அது வேறு கேஸ் என்று விளக்கப் போய், மேலும் வாங்கிக் கட்டிக் கொண்டேன்.

அடுத்ததாக, முன் ஸீட்டில் அவள் கால் வைக்கும் இடத்தில் மிதியடி ஈரம். "ஏ.ஸி. தண்ணி, கீழே போற டியூப் அடைச்சிருக்கும்" என்று நானே வைத்தியம் சொல்லி விட்டேன்.

"ஏ.ஸி. தண்ணிக்கு ஏதுங்க பாயச வாசனை?" என்றாள் அவள்.

இந்த இடத்தில் அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கேட்கவில்லை.

* * *

போன நவம்பரில் ஒரு ராத்திரி. பூந்தமல்லியில் கல்யாண ரிஸப்ஷன் முடிந்து, கரையான்சாவடி, காடுவெட்டி வழியாக ஆவடிக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். நல்ல மழை. பருத்திப்பட்டை நெருங்கும்போது முன் கண்ணாடி மங்கலாக ஆரம்பித்தது. வைப்பரை வேகப்படுத்தினேன். பலனில்லை. மங்கல் உள்பக்கம்! துணியால் துடைத்தேன். சாதாரணப் பனி என்றால் துடைத்தால் போகும். இது எண்ணெய் மாதிரி இழுவிக் கொண்டு நின்றது.

எதிரே ஒரு லாரி, ஹெட்லைட்டை டிம் பண்ணாமல் வந்தது. அவ்வளவுதான். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினாற்போல் ஒரே வெள்ளை. ரோடு இல்லை. ஓரம் இல்லை. ஒன்றுமே இல்லை. பிரேக்கை மிதித்தேன். லாரி போய், வெள்ளை மெதுவாகக் கலைந்தபோது பம்ப்பருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சைக்கிள். அதன் மேல் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன். தலையில் பிளாஸ்டிக் கவர், முதுகில் புத்தகப் பை. ட்யூஷன் முடிந்து போகிறான் போலிருக்கிறது.

ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கொண்டு என்னையே பார்த்தான். திட்டவில்லை. "பார்த்து வாங்க, அங்கிள்" என்று சொல்லி விட்டுப் பெடலை மிதித்தான்.

அவன் சொன்னதுதான் விஷயம். நான் 'பார்த்து' வரவில்லை. பார்க்க முடியாத கண்ணாடியை வைத்துக் கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். வீடு வரும் வரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கைதான் ஸ்டியரிங்கில் தந்தியடித்துக் கொண்டிருந்தது.

* * *

மறுநாள் காலை ஆவடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் ஆஜர். மிதியடியைத் தூக்கினான். விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

"டேங்க் ஓட்டை ஸார்!"

ஆவடியில் இந்த வார்த்தையை ஜாக்கிரதையாகத்தான் சொல்ல வேண்டும். இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பக்கத்திலேயே அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 'ஆவடி' என்பதே இங்கிலீஷில் டாங்கி டிப்போவின் சுருக்கம் என்று ஊரில் ஒரு கதை கூட உண்டு. நம்பாதீர்கள். டாங்கி வருவதற்கு முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாநாடு கூடி 'சோஷலிஸ பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டபோதே ஊருக்கு ஆவடி என்றுதான் பெயர்.

தம்பி சொன்ன டேங்க், டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். அதுதான் 'ஹீட்டர் கோர்'.

சமாசாரம் இதுதான். எஞ்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சுமார் 90 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் கொஞ்சத்தை இரண்டு ஹோஸ் வழியாகக் காருக்குள்ளே கொண்டு வந்து, ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் சுற்ற விட்டு, பின்னாலிருந்து காற்றடித்தால் அதுவே ஹீட்டர். தனியாகச் செலவே கிடையாது. எஞ்ஜின் வீணாக்கும் சூட்டில் குளிர் காய்வது! அமெரிக்காவில் நாஷ் என்ற கம்பெனி 1938-லேயே வெளிக்காற்றை இழுத்து இப்படிச் சூடாக்கித் தந்தது.

கார் ஏ.ஸி. அதற்கப்புறம்தான். பேக்கார்டு கம்பெனி 1940 மாடலில் முதன்முதலாக வைத்தது. அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாதாம். குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! பிறகு 1954-ல் நாஷ் கம்பெனியே ஹீட்டரையும் ஏ.ஸி.யையும் சேர்த்து முன்பக்கம் ஒரே அமைப்பாக வைத்தது. அந்தக் காரின் பெயர் அம்பாஸடர். நம்ம டாக்ஸி அம்பாஸடர் இல்லை, அமெரிக்கத் தூதர்!

அன்று பிடித்தது சனி. என் காரிலும் அதே குடித்தனம். முதலில் கூலிங் காயில், அதை ஒட்டி ஹீட்டர் கோர். கூலிங் காயில் காற்றைக் குளிர வைத்து அனுப்பும். நீலப் பக்கம் லீவர் இருந்தால் ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாய் மூடியிருக்க வேண்டும்.

"உங்க வண்டியில அந்த வால்வு பாதி திறந்தபடியே துருப்பிடிச்சு நின்னுடுச்சு ஸார். இது குளிர வைக்குது, அது சூடாக்குது. நீங்க நடுவுல கேஸ் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க!"

ஒரே சமையலறையில் இரண்டு பேர். ஒருவர் அடுப்பை ஏற்ற, இன்னொருவர் இறக்க... நான் மாதாமாதம் புது ஸிலிண்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

அந்தப் பாயச வாசனைக்கும் விளக்கம் கிடைத்தது. ஏ.ஸி. தண்ணீர் வெறும் தண்ணீர். நிறமில்லை, மணமில்லை. கூலன்ட்டுக்கு நிறம் உண்டு, பிசுபிசுப்பு உண்டு, தித்திப்பு வாசனை உண்டு. "நக்கி மட்டும் பார்த்துடாதீங்க, விஷம்" என்றான் தம்பி. தெருவில் ஒழுகினால் நாய், பூனை நக்கிச் செத்துப் போகுமாம். ஓட்டை கோரிலிருந்து அந்தக் கூலன்ட்தான் ஆவியாகக் கிளம்பி, கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாக உட்கார்ந்து, ஒரு பையனின் உயிரோடு விளையாடப் பார்த்திருக்கிறது.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"பைபாஸ் பண்ணிடலாம் ஸார்!"

"பூந்தமல்லி பைபாஸா?"

"அது இல்ல ஸார். ரெண்டு ஹோஸையும் எஞ்ஜின் பக்கமே ஒண்ணா சேர்த்து கிளிப் அடிச்சுட்டா ஹீட்டருக்குத் தண்ணியே போகாது. 200 ரூபா. நம்ம ஊருக்கு எதுக்கு ஸார் ஹீட்டர்?"

நியாயமான கேள்வி. பைபாஸ் போட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஏ.ஸி. பல் கிட்டுகிற மாதிரி குளிர்ந்தது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

* * *

முடிய விடவில்லை ஒரு பெரியவர். அம்பத்தூர் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருப்பவர். மெயின் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து விடலாமே என்று தம்பிதான் அனுப்பி வைத்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-களில் அரசாங்கம் உருவாக்கிய தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதற்கும் முன்னாலேயே, 1949-ல் வந்த சைக்கிள் கம்பெனி அம்பத்தூரைத் தொழிலூராக்க ஆரம்பித்து விட்டது. அடுத்து டயர் கம்பெனி. பாடிப் பக்கம் வண்டி எலக்ட்ரிகல்ஸ், பிரேக், சக்கரம், போல்ட் நட் என்று வரிசையாக வந்தன. இங்கே பஸ் ஸ்டாப்புகளுக்கே கம்பெனிகள்தான் பெயர் வைத்தன. டன்லப் ஆலை மூடியாகி விட்டது. கண்டக்டர் மட்டும் இன்னும் "டன்லப் இறங்கு!" என்று அதைத் தினமும் திறந்து வைக்கிறார்.

பாடியில் 1960-களில் போல்ட் நட்டோடு தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி சப்ளை செய்ய ஆரம்பித்தது. அமெரிக்கக் காரின் கொதிப்பை அடக்க நம்ம ஊர் கம்பெனி மூடி! பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால் ஷெட் ஷெட்டாகச் சின்னப் பட்டறைகள். ஒரு லேத், இரண்டு பேர், வாசலில் ஒரு சாமந்திச் சரம் போட்ட ஆயுத பூஜை ஸ்டிக்கர். எதைக் கேட்டாலும் "அளவு குடுங்க, பண்ணிடலாம்" என்பார்கள்.

பெரியவர் என் ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்தறீங்க?"

"எங்க வீட்டு போர் தண்ணிதாங்க ஐயா..."

"குடிப்பீங்களா அதை?"

"சே! ஒரே உப்பு."

"நீங்க குடிக்க மாட்டீங்க. அது மட்டும் வருஷக்கணக்கா குடிக்கணும், இல்லே?"

முன்னால் சொன்னேன் அல்லவா, தப்பு யார் மேல் என்று பின்னால் வரும் என்று? வந்து விட்டது. கூலன்ட்டைச் சுத்திகரித்த தண்ணீரில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அது கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே அரிப்பையும் தடுக்கும். உப்புத் தண்ணீர் உலோகத்தைத் தின்னும். ரேடியேட்டர் குழாய்களை விட ஹீட்டர் குழாய்கள் மெல்லிசு. அதிலும் உபயோகமே இல்லாமல் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் அங்கேதான் முதலில் ஓட்டை விழும்.

"பைபாஸ் பண்ணிட்டேங்க" என்றேன் கொஞ்சம் பெருமையாக.

"அவசரத்துக்குச் சரி. அதுவே குடித்தனம் ஆயிடக் கூடாது. மழையில கண்ணாடி மூடினா ஏ.ஸி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடணும். ஏ.ஸி. ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் காய வைக்கும். இன்னொண்ணு, உங்களுக்கு அது ஹீட்டர். எஞ்ஜினுக்கு அது ரெண்டாவது ரேடியேட்டர். என்னிக்காவது கொதிக்கறப்ப தெரியும்."

மழை, கண்ணாடி என்றதும் அந்தப் பையனின் பிளாஸ்டிக் கவர் போட்ட தலை கண் முன்னால் வந்து நின்றது. சரி, மாற்றி விடுவோம் என்று தீர்மானித்தேன்.

அப்புறம்தான் அந்தக் கடைப் படலம். "ஹீட்டரா?" என்று சிரித்தவர்கள் போக, புதுப்பேட்டைக் காயலாங்கடை ஒன்றில் என் மாடல் வண்டியின் பழைய கோர் கிடைத்தது. ஆசையோடு தூக்கினேன். ஊட்டியிலிருந்து வந்த வண்டியாம். நிறைய உழைத்திருக்கும் போலிருக்கிறது. ஊதிப் பார்த்தால் மூன்று இடத்தில் காற்று வந்தது. புல்லாங்குழலாக வேண்டுமானால் உபயோகிக்கலாம்.

பெரியவரிடமே திரும்பிப் போனேன். ஓட்டை விழுந்த என் கோரைத் தம்பி கழற்றிக் கொண்டு வந்ததும் கையில் வாங்கினார். நாலு பக்கமும் அளந்தார். பித்தளைத் தகட்டை வெட்டினார், வளைத்தார், பற்ற வைத்தார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி வந்தது. முகத்தைச் சுளித்து இன்னொரு தடவை பற்ற வைத்தார். மறுபடி முக்கினார். குமிழி இல்லை. சாயந்திரத்துக்குள் கோர் தயார்.

குளிரே இல்லாத ஊரில், எந்தக் கம்பெனியும் இனிமேல் செய்யாத ஒரு ஹீட்டரை ஒரே நாளில் கையால் செய்து கொடுத்தார் அந்த மனிதர். இதைச் செய்ய அம்பத்தூரை விட்டால் வேறு ஊர் கிடையாது என்பது என் கட்சி.

* * *

மாட்டும் வைபவத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இளகிய மனதுக்காரர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். ஹீட்டரை வெளியே எடுக்க கூலிங் காயில் பெட்டியை எடுக்க வேண்டும். அதை எடுக்க டாஷ்போர்டை இறக்க வேண்டும். ஏ.ஸி. பைப்பையும் கழற்ற வேண்டும். "லூஸ் பண்ணினா புஸ்ஸுனு போயிடும் ஸார்" என்று ஆரம்பித்த தம்பியைத் தடுத்து, கேஸை மெஷினில் இழுத்துக் கொள்ளும் கடைக்கு வண்டியை விட்டோம். என் வண்டியிலிருக்கும் 134-ஏ கேஸ் ஓசோனைக் கெடுக்காது. ஆனால் காற்றில் விட்டால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்! ஏற்கெனவே காய்கிற ஊரில் நாம் வேறு எதற்கு?

இரண்டு நாள் என் கார், பல் செட்டைக் கழற்றி வைத்த தாத்தா மாதிரி நின்றது. புது ஹோஸ், புது கிளிப், ஏ.ஸி. பைப்புக்குப் புது ஓ-ரிங், டிரையர், அரை மணிக்கு மேல் வேக்குவம், அப்புறம் எடை பார்த்துக் கேஸ். வால்வும் புதுசு. கூலன்ட் ஊற்றும்போது லீவரைச் சிவப்பில் வைத்து, உள்ளே மாட்டிக் கொண்ட காற்றை வெளியேற்றினார்கள். கடைசியில் கையில் நாலு ஸ்க்ரூ மிச்சம். "அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போட்டது ஸார்" என்றான் தம்பி. பைபாஸுக்கு 200 ரூபாய் என்றானே, அதற்குப் பக்கத்தில் இரண்டு சைபர் போட்டுக் கொள்ளுங்கள். அதுதான் பில்.

"இதுக்கு ஊட்டிக்கே ரெண்டு தடவை போய்ட்டு வந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

* * *

மே மாதம். அக்னி நட்சத்திரம். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பூந்தமல்லி வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்றார்கள். ஏ.ஸி. ஜில்லென்று ஓட, மாமியார் "மாப்பிள்ளை வண்டி ஃப்ளைட் மாதிரி இருக்கு" என்று ஸர்ட்டிபிகேட் வழங்க, கரையான்சாவடி வரை ராஜபவனி.

அங்கே மாட்டிக் கொண்டோம். முன்னால் பஸ், பின்னால் லாரி. பத்து நிமிஷத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தது. ரேடியேட்டர் ஃபேன் சத்தமே இல்லை. (ஃப்யூஸ் போயிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.) முள் சிவப்பை நோக்கிப் போகிறது. ஓரம் கட்ட இடமில்லை. எஞ்ஜின் கொதித்து ஹெட் போனால், இந்தக் கிழ வண்டியைக் காயலாங்கடைதான் வாங்கிக் கொள்ளும்.

பெரியவர் ஞாபகம் வந்தார். ஏ.ஸி.யை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக லீவரைச் சிவப்புக்குத் தள்ளி, காற்றை நாலாவது நம்பரில் வைத்தேன்.

வெளியே கத்திரி. உள்ளே ஹீட்டர்!

"ஐயையோ, என்னங்க பண்றீங்க! அம்மாவுக்கு மூச்சு முட்டுது!"

"அஞ்சே நிமிஷம்... பொறுத்துக்கோ!"

பக்கத்து ஆட்டோக்காரர் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்து விட்டு, கேட்காமலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முள் நின்றது. ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மெல்ல, மெல்ல, கீழே இறங்கியது. டிராபிக் நகர்ந்ததும் ஓரம் கட்டி எஞ்ஜினை ஆற விட்டு, ஃப்யூஸ் மாற்றிக் கொண்டு கோயில் போய்ச் சேர்ந்தோம். எஞ்ஜின் பிழைத்தது. என் மரியாதை பிழைத்ததா என்பதுதான் தெரியவில்லை. மாமியார் வழி நெடுக ஒன்றுமே பேசவில்லை.

பூந்தமல்லி, ராமாநுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதுதான் அவருக்குக் கைங்கரியம். ஆலவட்டம் என்றால் விசிறி. அவர் முதலில் ஸ்ரீரங்கம் போனாராம். "காவிரிக் காற்றே போதும்" என்றாராம் அரங்கன். திருப்பதி போனால், "மலைமேல் ஏற்கெனவே குளிர்" என்றாராம் வேங்கடவன். காஞ்சி வரதர்தான், "நான் யாகத் தீயிலிருந்து வந்தவன், எனக்குத்தான் சூடு, நீ வீசு!" என்றாராம். அந்த மூன்று பெருமாளுக்கும் இந்தக் கோயிலில் சந்நிதி உண்டு.

குளிர்ந்த இடத்தில் விசிறி வீண். தீயில் பிறந்தவருக்குத்தான் அது கைங்கரியம். என் காரில் ஹீட்டர் எனக்காக இல்லை, உள்ளே தீயை வைத்துக் கொண்டு ஓடுகிற எஞ்ஜினுக்காக என்று அந்தச் சந்நிதியில்தான் எனக்கு உறைத்தது. இதையே மாமியாரிடம் எடுத்துச் சொல்லி, போன மரியாதையை மீட்டு விடலாம் என்று நம்பிகள் கதையை உருக்கமாகச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக் கொண்டார்கள். புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார்கள். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்கள்:

"பெருமாளுக்கே விசிறி வீசின ஊருடி இது. எனக்குன்னு வந்து வாய்ச்ச மாப்பிள்ளை, ஹீட்டர் போடறார்!"